இலையை இழுத்துச் செல்ல ஆளில்லை

வணக்கம். பயிருக்கு அடிக்கும் மருந்து மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்களை என்ன செய்கிறது என்று பேச வந்திருக்கிறேன். ஓர் ஆப்பிள் தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்பிளுக்குச் சொறி நோய் என்று ஒன்று வரும். அதை உண்டாக்கும் பூஞ்சாணம் உதிர்ந்த இலைகளில் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, தளிர் விடும் பருவத்தில் வித்துகளைக் காற்றில் பரப்பும். இந்த நோய்க்கு ஓர் எதிரி உண்டு. நோயைப் பற்றி எதுவுமே அறியாத எதிரி அது: மண்புழு. இரவில் மேலே வந்து, உதிர்ந்த இலையைக் கவ்வி, வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தின்றுவிடும். பூஞ்சாணம் தங்குவதற்கு அப்புறம் இடம் ஏது?

1970களில் இங்கிலாந்தில் பெனோமில் என்ற பூஞ்சாணக்கொல்லி தெளித்த ஆப்பிள் தோட்டங்களில் மண்புழுக்கள் அருகிப்போயின. இலைகள் மக்காமல் தரையிலேயே கிடந்தன. எந்த நோயை ஒழிக்க மருந்து அடித்தார்களோ, அந்த நோய் குடியிருக்கும் இலையை அப்புறப்படுத்த ஆளில்லாமல் போனது.

பூஞ்சாணக்கொல்லி புழுவை எப்படிக் கொல்லும் என்று கேட்பீர்கள். பெனோமில் மண்ணில் சிதைந்து கார்பென்டசிம் ஆகிறது. செல் இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாவதை அது தடுக்கிறது. நுண்குழல் பூஞ்சாணத்துக்கு மட்டும் சொந்தமானது அல்லவே! மண்புழு ஆய்வுக்கூடங்களில், சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இதே கார்பென்டசிமை ஒப்பீட்டு நஞ்சாகக் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்கு அதன் நச்சுத்தன்மையை நம்பலாம்! புட்டியின் மேலே எழுதியிருப்பது நாம் யாரைக் கொல்ல நினைக்கிறோம் என்பதை மட்டுமே சொல்கிறது.

மண்புழுவையாவது நாம் கண்ணால் பார்க்கிறோம். ஒரு சதுர மீட்டர் மண்ணில் பல்லாயிரக்கணக்கில் வாழக்கூடிய கொலம்போலாக்களைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஆறுகால் உயிர்கள் இவை. பலவற்றுக்கு வயிற்றின் அடியில் வில்போல மடிந்த ஒரு வால் உண்டு; அதைத் தட்டிவிட்டுத் துள்ளும். பூஞ்சாணத்தையும் மக்கும் சருகையும் மேய்ந்து, செடிக்கு வேண்டிய சத்தை விடுவிக்க உதவுகின்றன. தெளிக்கும்போது பறந்து தப்பலாம் என்றால் சிறகில்லை. நஞ்சு கலந்த மண்ணே இவற்றுக்கு வீடு, அதுவே உணவு.

இன்று பல பயிர்களில் தெளிப்புக்குக்கூடக் காத்திருப்பதில்லை. விதைப்பதற்கு முன்பே, விதைநேர்த்தியிலேயே, நியோநிகோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லியைப் பூசிவிடுகிறார்கள். அதில் பயிர் உறிஞ்சிக்கொள்வது சிறு பங்குதான். பெரும்பகுதி மண்ணில் தங்குகிறது. சில மண்வகைகளில் அதன் எச்சம் ஓராண்டைத் தாண்டியும் நிற்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. தையமீத்தாக்சம் என்ற நியோநிகோட்டினாய்டு பூசிய சோயா விதையின் நாற்றுகளை ஓடில்லா நத்தைகள் தின்றன. நத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நத்தையைத் தின்ற தரைவண்டுகளோ நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் செத்தன, அல்லது நிலைகுலைந்தன. வேட்டையாடும் வண்டு குறையவே நத்தைக்குக் கொண்டாட்டம். கடைசியில் விளைச்சல் 5 விழுக்காடு குறைந்தது. விதைக்குக் காவல் போட்டதாக நினைத்தவர் நத்தையின் பகைவனைத்தான் ஒழித்திருக்கிறார். டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லியின் காலத்திலும் இதே கதைதான்: மண்ணில் வாழும், வேட்டையாடும் எட்டுக்கால் உண்ணிகள் செத்தன, அவற்றுக்கு இரையான கொலம்போலாக்கள் பெருகின. எண்ணிக்கை கூடினால் மண் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கட்டும்.

இவை தனிக் கதைகளா? இத்தகைய மருந்துகள் மண்வாழ் சிற்றுயிர்களை என்ன செய்கின்றன என்று பார்த்த ஏறத்தாழ 400 ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை 2021இல் வந்தது. அளக்கப்பட்ட 2,842 விளைவுகளில் 70.5 விழுக்காடு தீங்கானவை. இறப்பு மட்டுமல்ல, முட்டை குறைவது, வளர்ச்சி குன்றுவது, வளை தோண்டாமல் சோர்ந்து கிடப்பது எல்லாமே அதில் சேர்ந்தவை. வளை தோண்டாத மண்புழு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழி செய்யாது. சாவை மட்டும் எண்ணும் சோதனை இதைக் கவனிக்காது.

சோதனை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மருந்துக்கு அனுமதி தருவதற்கு முன், ஐரோப்பிய ஒன்றியத்தில் மண்புழுவையும் கொலம்போலாவையும் வைத்து இனப்பெருக்கச் சோதனை செய்கிறார்கள். அமெரிக்காவிலோ நிலத்து முதுகெலும்பிலிகள் எல்லாவற்றுக்கும் தேனீதான் பிரதிநிதி. தேனீ மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும் புழுவுக்காக, பூவில் தேன் குடிக்கும் ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எப்படிப்பட்ட நியாயம்?

உங்கள் மண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு புனலில் சல்லடைத் துணியை வைத்து, அதன்மேல் இரண்டு கைப்பிடி மண்ணைப் பரப்பி, மேலே சூடு தரும் விளக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். புனலின் அடியில் ஈரத் தாள் விரித்த கிண்ணம். மேல்மண் காயக் காய, உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். மருந்து அடித்த நிலத்து மண்ணுக்கு ஒரு புனல், அடிக்காத வேலியோரத்து மண்ணுக்கு ஒரு புனல். இரண்டு நாள் கழித்து, கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு அந்த இரண்டு கிண்ணங்களையும் பாருங்கள்.

வணக்கம்.