சம்பளச் சீட்டே பாடப்புத்தகம்

(திருப்பூர்ப் பக்கம் முதியோர் எழுத்தறிவு வகுப்பு எடுக்கப்போகும் தன்னார்வலர்களுக்கான பயிற்சியில் பேசியது. நடுவில் வந்த சில கிளைக்கதைகளை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். காலையில் உங்கள் கையில் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து, சொல், எண், கூட்டல், கழித்தல் எல்லாம் வரிசையாக இருக்கிறது. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்குமானது. கடைசியில் ஒரு தேர்வு உண்டு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண். அந்தத் தேர்வுக்கு இந்தப் புத்தகம் போதும். தேர்வு முடிந்த மறுநாள் உங்கள் வகுப்புக்கு வந்த அக்கா எதைப் படிப்பார் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர், கைமடித்து விடுபவர், சாயப்பட்டறையில் மூட்டை தூக்குபவர், நூற்பாலையில் இரவு வேலை முடித்து வருபவர். செக்கிங் அக்காவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒன்றரை ஷிஃப்ட்டுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுப் பாருங்கள். நாம் போனை எடுத்து கால்குலேட்டரைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. வாரம் முழுக்க இந்தக் கணக்கிலேயே ஓடுகிறவர் அவர். அவர் முன்னால் ஒரு மாம்பழம், இரண்டு மாம்பழம் என்று படம் காட்டினால் முதல் நாள் சிரிப்பார், மூன்றாம் நாள் வரமாட்டார். நாமோ அவருக்கு ஆர்வம் இல்லை என்று பதிவேட்டில் எழுதி வைப்போம்.

வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுப்பது புதிய யோசனை இல்லை. கனடாவில் 1899-இல் ஆல்ஃபிரட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் இதைத் தொடங்கினார். மரம் வெட்டும் முகாம்கள், சுரங்கங்கள், ரயில் பாதை போடும் இடங்கள் என்று ஆள் இல்லாக் காட்டுக்குள் கிடந்த தொழிலாளிகளைத் தேடிப் போனார்கள். பகலில் அவர்களோடு சேர்ந்து அதே வேலையைச் செய்வது, ராத்திரியில் அவர்களுக்குப் பாடம் எடுப்பது. ஃபிரான்டியர் கல்லூரி என்று அந்த அமைப்பு நெடுங்காலம் அழைக்கப்பட்டது. பிற்பாடு சீனாவில் மருத்துவம் பார்த்துப் பெயர் பெற்ற நார்மன் பெத்யூன்கூட இளம் வயதில் அப்படி ஒரு மரவெட்டி முகாமில் வாத்தியாராக இருந்தவர்தான். பகலெல்லாம் கூட நின்று வேலை செய்தவனுக்கு, எந்தக் காகிதத்தைப் பார்த்து இந்த ஆள் முழிக்கிறார் என்பது தெரிந்திருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே நாட்டில் இன்னொரு விஷயமும் நடந்தது. 1994-இல் கனடாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து பெரியவர்களின் எழுத்தறிவை அளந்தன. தெரியும், தெரியாது என்று இரண்டு கூடையில் போடாமல் மூன்று வகையாகப் பார்த்தார்கள்: தொடர்ச்சியான உரைநடையை வாசிப்பது, படிவம், அட்டவணை, வரைபடம் போன்றவற்றில் வேண்டியதைத் தேடி எடுப்பது, எழுத்தோடு கலந்துவரும் எண்களைக் கையாள்வது. அதில் ஒரு கேள்வி, ஆஸ்பிரின் மாத்திரையின் லேபிளைக் கொடுத்து, இதை அதிகபட்சம் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கேட்பது. இருந்த கேள்விகளிலேயே மிக எளிதான வகை அது. நாளிதழில் தலைப்பைப் படித்துவிடுகிற ஒருவர் அட்டவணையில் தடுமாறலாம் என்பதை, நம் ரயில் நிலையத்தில் கால அட்டவணைக்கு முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். படித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கனடா அரசு வேலைக்கான அடிப்படைத் திறன்கள் என்று ஒன்பதைப் பட்டியல் போட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, பேச்சு இவற்றோடு ஆவணங்களைக் கையாள்வதும் கணினியும் அதில் தனித்தனியாக இருந்தன. 2021-இல் பட்டியலை மாற்றி, பெயரையும் மாற்றினார்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அவர்கள் செய்த உருப்படியான வேலை வேறு. நூற்றுக்கணக்கான தொழில்களை எடுத்துக்கொண்டு, இந்த வேலையில் இருப்பவர் ஒரு நாளில் என்னென்ன காகிதத்தைத் தொடுகிறார், அதில் எதைத் தேடுகிறார் என்று தொழிலாளிகளிடமே உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். பாடமும் பயிற்சித் தாளும் அந்தக் காகிதங்களிலிருந்து வந்தன.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். வேலைத் திறன் என்ற பெயரில் உலகம் முழுக்க வரும் பாடங்கள் பலவற்றில் முதலாளிக்கு வேண்டிய காகிதம்தான் அதிகம். இயந்திரத்தை எப்படித் துடைப்பது, விடுப்பு எடுத்தால் யாரிடம் சொல்வது, தரப் பரிசோதனைப் படிவத்தை எப்படி நிரப்புவது. எல்லாம் தேவைதான். ஆனால் தொழிலாளிக்கு வேண்டிய காகிதம் எங்கே? சம்பளச் சீட்டு, பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, விபத்து நடந்தால் எழுத வேண்டிய மனு இதெல்லாம் அடிப்படைத் திறன் இல்லையா?

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கொஞ்சம் வயதானவர்களுக்கு, பெரியவர்களுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நினைவிருக்கும். 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூட்டோடு தமிழ்நாட்டிலும் மாவட்டம் மாவட்டமாக இயக்கம் பரவியது. 'பட்டா', 'படி' போன்ற சொற்களோடு பாடம் தொடங்கியது. பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவருக்கும், கூலியைப் படியில் அளந்து வாங்கியவருக்கும் அந்த எழுத்துகள் ஏன் உடனே பிடிபட்டன என்று விளக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம், 1991, 92. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான், ஆயிரக்கணக்கான பெண்கள் பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கல்குவாரி. ஒப்பந்ததாரரிடம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. நேற்றுவரை கூலி வாங்கியவர் இன்றைக்குக் குத்தகைதாரர். இப்போது எத்தனை லோடு போனது, எவ்வளவு பாக்கி, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். படிப்பதற்கு ஆர்வமூட்டப் பாட்டு பாட வேண்டிய அவசியம் அங்கே குறைவு. பாட்டும் பாடினார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, நம் வகுப்புக்கு வருவோம். ஒரு சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை பாடம் எடுக்கலாம் என்று பாருங்கள்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய், வேறு படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சொந்தப் பெயர், கம்பெனிப் பெயர், மாதம். தன் பெயரை அச்சில் கண்டுபிடிப்பதிலேயே அரை வகுப்பு போகும், போகட்டும். அடுத்து, வேலை செய்த நாள். அவர் மனக்கணக்கில் 26 இருக்கும், சீட்டில் 25 இருக்கும். இந்த ஒரு நாள் எங்கே போனது என்ற கேள்விக்காகவே அடுத்த வகுப்புக்கு வந்துவிடுவார். அதற்கப்புறம் பிடித்தம். பி.எஃப். 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, முக்கால் விழுக்காடு, 90 ரூபாய். கைக்கு வர வேண்டியது 10,470. நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் என்ன என்பதை வேறு எந்த உதாரணத்தாலும் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது அவர் பணம். முதலாளியும் தன் பங்குக்கு பி.எஃப். கட்ட வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு கட்ட வேண்டும் என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். வரட்டும். பி.எஃப்.-இல் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் யு.ஏ.என். என்ற எண் 12 இலக்கம். எழுதிப் பழக அதைவிட நல்ல எண் கிடைக்காது, கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

சம்பளச் சீட்டே கொடுப்பதில்லை என்று பலர் சொல்வார்கள். அப்போது அதுவும் பாடம்தான். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஷிஃப்ட், பீஸ் எண்ணிக்கை, வாங்கிய அட்வான்ஸ் என்று நான்கு கட்டம் போட்டு அவரே எழுதட்டும். வாரக் கடைசியில் சூப்பர்வைசர் நோட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். அட்டவணை வாசிப்பை யாரோ அச்சடித்த அட்டவணையில் தொடங்குவதைவிடத் தான் போட்ட கட்டத்தில் தொடங்குவது எளிது.

சாயப்பட்டறை ஆட்களுக்கு கேனில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் முதல் பாடம். காஸ்டிக் சோடா, பெராக்சைடு இரண்டும் அங்கே தினமும் புழங்குகிறவை. சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள், கையின் மேல் திரவம் சொட்டி அரிப்பது போல ஒரு படம் இருக்கும். பட்டால் தோலும் கண்ணும் போகும் என்று அர்த்தம். வட்டத்தின் மேல் தீ எரிவது போல இருந்தால், அந்தப் பொருள் பக்கத்தில் இருப்பதை வேகமாக எரியவைக்கும். இந்தப் படங்கள் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த பொது முறையில் வருபவை, கனடாத் தொழிற்சாலையிலும் இதே படங்கள்தான். படத்துக்கு மொழி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்காத படம் ஒருவருக்கும் புரியாது.

பூச்சிமருந்து டப்பாவைப் பாருங்கள். சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறத்தில் ஒன்று இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பச்சை இருப்பதில் குறைந்தது. குறைந்தது என்றாலும் அது மருந்துதான், மோர் இல்லை. பச்சை என்றால் போகலாம் என்று சிக்னலில் பழகிய கண்ணுக்கு இதைக் கட்டாயம் தனியாகச் சொல்ல வேண்டும். வார விடுமுறையில் ஊருக்குப் போய்த் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

இனி எப்படிச் செய்வது. உங்கள் வீட்டில் புழங்கும் காகிதம் ஒவ்வொன்றை எடுத்து வாருங்கள் என்று முதல் வாரமே சொல்லுங்கள். கேஸ் ரசீது, மருந்துச் சீட்டு, சுய உதவிக் குழுப் பாஸ்புத்தகம், குழந்தையின் மதிப்பெண் பட்டியல், எதுவானாலும் சரி. அதை ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிதாக எடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிரச்சினை எழுத்து இல்லை, கண். கண்ணாடி போட்டதும் பாதிப் பேர் கடகடவென்று படிப்பதைப் பார்ப்பீர்கள். பிறகு, பதில் காகிதத்திலேயே இருக்கிற கேள்வியாகக் கேளுங்கள். தேதி எங்கே, தொகை எங்கே என்று தேடவைக்கும் கேள்வி முதலில். போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகமா என்று ஒப்பிடும் கேள்வி அடுத்து. கணக்குப் போடும் கேள்வி கடைசியில். மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், மின்கட்டண ரசீதை நீங்களும் அப்படிப் படிப்பதில்லை.

ஒரே மாதிரி தாளைப் பத்து ஊரில் பத்துப் பேர் தனித்தனியாகத் தயாரிப்பது வீண். பகிர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரே இடத்தில் குவித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கனடாவில் எழுத்தறிவுப் பாடங்களையெல்லாம் ஒரே மின்நூலகமாகச் சேர்த்துவைத்த அமைப்பு ஒன்று இருந்தது. 2014-இல் அரசு நிதி நின்றது, அமைப்பும் மூடியது. சேர்த்தவை முற்றிலும் போய்விடாமல் வேறு ஆட்கள் எடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அறிவொளிக்காக அச்சடித்த சின்னச் சின்னப் புத்தகங்களையும் இன்றைக்குத் தேடினால் பழைய ஆர்வலர்களின் அலமாரியில்தான் பார்க்க முடியும். உங்கள் தாள்களின் ஒரு பிரதி ஊர் நூலகத்தில் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

கடைசியாக, இதை மறந்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டையோ பாஸ்புத்தகத்தையோ ஜெராக்ஸ் எடுக்கும் முன்னால் பெயர், ஆதார் எண், கணக்கு எண், பி.எஃப். எண் நான்கின் மீதும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியவேண்டியதில்லை. மறைத்த இடத்தில் கற்பனை எண் எழுதிக்கொள்ளலாம். வாட்ஸப்பில் மூலத்தைப் படம் பிடித்து அனுப்பவே வேண்டாம். இப்போது மூன்று மூன்று பேராக உட்காருங்கள், மேசை மேல் சில சீட்டுகள் வைத்திருக்கிறேன், எண்கள் எல்லாம் மறைத்தவைதான். ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிப் பாருங்கள்.