பாயும் வேண்டும், டரட்டும் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கப்பலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிரிட்டிஷ் கடற்படையில் ‘கேப்டன்’ என்று ஒரு போர்க்கப்பல். 1870 ஏப்ரல் கடைசியில் பணியில் சேர்ந்தது. அதே வருடம் செப்டம்பர் 7, நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் கவிழ்ந்து மூழ்கியது. நாலு மாதச் சொச்சம், அவ்வளவுதான் அதன் ஆயுள். சுமார் 480 பேர் செத்தார்கள், 18 பேர் பிழைத்தார்கள். செத்தவர்களில் அந்தக் கப்பலைக் கற்பனை செய்தவரும் ஒருவர்.

அவர் பெயர் கூப்பர் கோல்ஸ், கடற்படை அதிகாரி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் அவரை ஒரு பிடிவாதக்காரக் கோமாளியாக்கி விட்டுவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1855இல் கிரிமியப் போரின்போது அசோவ் கடலில் பீப்பாய்களைக் கட்டி ஒரு மிதவை செய்து, அதன்மேல் பீரங்கியை ஏற்றி, பெரிய கப்பல் நெருங்க முடியாத ஆழமில்லாத தண்ணீரில் போய்ச் சுட்டவர். அந்த அனுபவத்திலிருந்துதான் அவருடைய யோசனை கிளம்புகிறது: கப்பலின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னப் பீரங்கிகளை வைப்பதற்குப் பதிலாக, நடுவில் சுழலும் இரும்புக் கோபுரம் ஒன்றில் பெரிய பீரங்கிகள் இரண்டை வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பிச் சுடலாமே. இதைத்தான் டரட் என்கிறோம். 1859இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் எரிக்சன் என்ற பொறியாளர் தனியாக இதே யோசனைக்கு வந்து, அவருடைய ‘மானிட்டர்’ என்ற கப்பல் 1862இல் சண்டையே போட்டுவிட்டது. ஆக டரட் சரியான யோசனை. அதற்கப்புறம் வந்த போர்க்கப்பல்கள் எல்லாம் அந்த வழியில்தான் போயின.

சிக்கல் பாய்மரத்தில். நீராவி எஞ்சின் வந்த பிறகும் ஏன் பாய்மரம் என்று கேட்கலாம். அந்தக் காலத்து எஞ்சின் நிலக்கரியை விழுங்கும். கொதிகலனில் அழுத்தம் குறைவு, கிடைக்கிற வேலைக்கு எரிகிற கரி மிக அதிகம். உலகம் முழுக்கச் சுற்ற வேண்டிய கடற்படைக்கு நடுக்கடலில் கரி யார் தருவார்கள்? அதனால் பயணத்துக்குக் காற்று, சண்டைக்கு நீராவி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 1860இல் நீரில் இறங்கிய ‘வாரியர்’ இப்படிப்பட்டதுதான். பாய் விரித்து ஓடும்போது இழுக்காமல் இருக்க, அதன் உந்துவிசிறியையே நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்துத் தண்ணீரிலிருந்து மேலே தூக்குவார்கள்!

இப்போது கோல்ஸின் டரட்டை இதில் பொருத்திப் பாருங்கள். டரட் பயங்கர எடை. உயரத்தில் வைத்தால் கப்பல் தலைக்கனமாகிவிடும், அதனால் மேல்தளத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்வாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் எதிரியின் குண்டு படுகிற இடமும் குறையும். கோல்ஸுக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் பாயில் காற்று அடித்தால் கப்பல் சாயும், அதனால் பாய்மரக் கப்பலுக்குப் பக்கச் சுவர் உயரமாக இருந்தாக வேண்டும். ஒன்று கேட்பதை இன்னொன்று கெடுக்கிறது.

கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட். பாய்மரமும் டரட்டும் ஒரே கப்பலில் ஒத்துவராது என்பது அவர் கருத்து. அரசு கேட்டதால் ‘மொனார்க்’ என்று ஒன்றை வடிவமைத்தார், ஆனால் மேல்தளத்தை நீர்மட்டத்துக்கு 14 அடி மேலே வைத்தார். கோல்ஸ் அதை ஏற்கவில்லை. பத்திரிகைகளில் எழுதினார், நாடாளுமன்றத்தில் அவருக்காகப் பேச ஆள் இருந்தார்கள். கடைசியில் 1866இல் கடற்படை அமைச்சகம், சரி, உங்கள் விருப்பப்படியே ஒன்று கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. பர்கன்ஹெட்டில் இருந்த லேர்ட் நிறுவனம் கட்டியது. ரீட் வரைபடங்களை அங்கீகரிக்க மறுத்தார். “ஆட்சேபம் இல்லை” என்கிற அளவோடு நிறுத்திக்கொண்டார். பொறுப்பு எங்களுடையது அல்ல என்று அர்த்தம். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பல் நீளம் 320 அடி. இரண்டு டரட், ஒவ்வொன்றிலும் தலா 25 டன் எடையுள்ள இரண்டு 12 அங்குலப் பீரங்கி. பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கயிறுகள் குண்டுக்குக் குறுக்கே வரக்கூடாது என்று மூன்று இரும்புக் கால்களில் நிற்கும் பாய்மரங்கள். முன்னும் பின்னும் உயரமான கட்டுமானம், இரண்டையும் இணைத்து டரட்டுகளின் தலைக்கு மேலே ஒரு நடைதளம். முன்னாலும் பின்னாலும் இப்படி மறைத்துவிட்டதால், சுற்றிலும் சுடலாம் என்ற கோல்ஸின் மூல ஆசையே பாதி போயிற்று. கட்டும்போது கோல்ஸ் நோயாளியாகக் கிடந்தார், எடையைக் கவனிக்க ஆள் சரியாக இல்லை. முடிந்தபோது எழுநூறு டன்னுக்கு மேல் கூடுதல். நீர்மட்டத்துக்கு மேலே 8 அடி என்று திட்டமிட்ட பக்க உயரம் ஆறரை அடியாகச் சுருங்கிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்துவிடும், ஏனென்றால் கனம் முழுக்க அடியில். பெரும்பாலான கப்பல்கள் அப்படி எழுவதில்லை. சாய்கிற பக்கத்தில் உடம்பு கூடுதலாகத் தண்ணீருக்குள் போகிறது, தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது, அந்தத் தள்ளல்தான் நிமிர்த்துகிறது. மேல்தளத்தின் விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டால் அதற்கு மேல் தள்ள உடம்பு மிச்சமில்லை, நிமிர்த்தும் விசை சீக்கிரமே குறையத் தொடங்கும். ‘மொனார்க்’கில் அந்த விளிம்பு 28 டிகிரியில் நனையும், ‘கேப்டன்’இல் 14 டிகிரியிலேயே. நிமிர்த்தும் விசை ‘மொனார்க்’குக்கு 40 டிகிரி வரை ஏறிக்கொண்டே போகும், ‘கேப்டன்’க்கு 21 டிகிரியோடு உச்சம் முடிந்தது, 54 டிகிரி வாக்கில் பூஜ்யம். கொஞ்சம் சாயும்போது இரண்டுமே கெட்டியாகத்தான் நிற்கும், அதனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மே மாதம் புயல்காற்றில் மாட்டியும் ‘கேப்டன்’ நன்றாகவே தாங்கியது, பாராட்டு குவிந்தது.

இதையெல்லாம் அளப்பதற்கான சாய்வுச் சோதனை 1870 ஜூலை 29 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நடந்தது. எண்களை வைத்துக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

செப்டம்பர் 6 பகலில், கூடவே போய்க்கொண்டிருந்த கப்பல் அணியின் தளபதி அட்மிரல் மில்ன் ‘கேப்டன்’ கப்பலைப் பார்க்க வந்தார். பாய் விரித்து ஓடிக்கொண்டிருந்தது, தாழ்ந்த பக்கத்து மேல்தளத்தில் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. இரவு இங்கேயே தங்குங்கள் என்றார்கள். வானிலை மாறுகிறது என்று சொல்லித் தன் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். அந்த முடிவுதான் அவரைக் காப்பாற்றியது. நள்ளிரவுக்குப் பிறகு காற்று வலுத்தது. சாய்வு 18 டிகிரி. பாய்களைத் தளர்த்தச் சொல்லிக் கப்பல் தலைவர் பர்கோயின் குரல் கொடுத்தார், ஆட்கள் கயிற்றைத் தொடுவதற்குள் கப்பல் புரண்டுவிட்டது. பர்கோயின் கிரிமியப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர், அவரும் போனார். கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகனும் போனான். புதுக் கப்பலில் பழகட்டும் என்று ‘மொனார்க்’கிலிருந்து மாற்றிவிடப்பட்ட பையன். பின் டரட்டில் பீரங்கியைப் பார்க்கப் போயிருந்த ஜேம்ஸ் மே என்ற கன்னர், அதாவது பீரங்கிப் பொறுப்பாளர், டரட்டின் துளை வழியாக வெளியே வந்து தப்பினார். அவரையும் சேர்த்துத்தான் அந்தப் பதினெட்டு.

போர்ட்ஸ்மத்தில் நடந்த ராணுவ விசாரணையின் தீர்ப்பு நறுக்கென்று இருந்தது: நாடாளுமன்றத்திலும் வேறு வழிகளிலும் வெளிப்பட்ட பொதுக் கருத்துக்கு இணங்கி, கடற்படைத் துறையின் சொந்த நிபுணர்களின் கருத்துக்கு எதிராகக் கட்டப்பட்ட கப்பல் இது. கப்பல் சாய்ந்து நிமிரும் திறன் குறைவு என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதைக் கப்பல் தலைவரிடம் சொல்லவில்லை, தெரியாது என்றால் தெரிந்துகொள்ளாமலே கப்பலை அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த சில்டர்ஸ், பழியை ரீட் மீதும் அவருடைய மேலதிகாரி ராபின்சன் மீதும் போட்டு அறிக்கை வெளியிட்டார். அதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் “ஆட்சேபம் இல்லை” என்று எழுதியவர்களும் முழுக்கக் கை கழுவிவிட முடியாது. சந்தேகம் இருந்தது, சோதனையைக் கட்டாயமாக்கும் அதிகாரமும் இருந்தது.

ரீட் அந்த ஜூலையிலேயே பதவி விலகியிருந்தார். அவர் வடிவமைத்த ‘டெவஸ்டேஷன்’ 1873இல் பணிக்கு வந்தது. தாழ்ந்த தளம், இரண்டு டரட், பாய்மரமே இல்லை, இடத்தையெல்லாம் நிலக்கரிக்குக் கொடுத்துவிட்டார். விபத்துக்கு அப்புறம் அதைக் கண்டு பயந்தவர்கள் நிறைய. ஆனால் அது முப்பது வருடத்துக்கு மேல் கடற்படையில் இருந்தது. காற்று பிடித்துச் சாய்க்கப் பாய் இல்லை என்றால் தாழ்ந்த தளம் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. கோல்ஸும் அந்தப் பாயை மட்டும் விட்டிருந்தால் போதும், ஆனால் உலகம் சுற்றும் கப்பல் என்று சொல்லித்தானே அனுமதி வாங்கியிருந்தார்.

கடற்படைக்கு அப்போதும் மனசு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. 1881இல் வந்த ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’ டரட் கப்பலுக்கும் பாய்மரம் நட்டார்கள், மாலுமிகளுக்குப் பயிற்சியாக இருக்குமாம். 1885இல்தான் கழற்றினார்கள். சரி, நேரமாகிவிட்டது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.