மணி அடித்த பிறகும் எட்டு எழுத்து

நடுவர் அவர்களே, மும்பை மாட்டுங்காப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் பெரியோர்களே, வணக்கம்.

பழைய கருவிகளைக் காட்டிப் பண்பாட்டு மாற்றத்தைச் சொல்லித்தருவது பயனா, வீணா என்பது தலைப்பு. "பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்குப் போடவேண்டிய சாமானை வகுப்புக்குத் தூக்கிவராதீர்கள், ஏஐ சொல்லிக்கொடுங்கள், பழசையெல்லாம் யூடியூபில் காட்டினால் போதும்" என்றார் எதிரணி அண்ணன். போதாது அண்ணே.

போன மாதம் செம்பூரில் என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அப்பாவின் டைப்ரைட்டரைக் கொண்டுபோனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். முதல் பாடம் எனக்குத்தான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பெயரை அடித்தாள். ஓர் எழுத்து தப்பு. "டெலிட் எங்கே ஆன்ட்டி?" கிடையாதும்மா. கார்பன் வைத்த இரண்டு நகலிலும் அதே தப்பு. ஈமெயிலில் 'சிசி' போடுகிறோமே, அது இந்தக் கார்பன் காப்பிதான் என்றதும், விரலில் ஒட்டிய நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூடியூப் எல்லாம் காட்டும், சரி. விரலில் மை ஒட்டுமா?

அப்புறம் கேட்டாள்: "தாத்தா இதை வைத்து என்ன செய்தார்?" பாடமே அங்கேதான் தொடங்கியது. ஊரில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணி, சர்டிஃபிகேட்டை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய கூட்டம் நம்முடையது. 1955 இல் கோத்ரெஜ் இந்திய டைப்ரைட்டரைச் செய்துகாட்டியதும் இதே ஊரில்தான். 1966 இல் சிவசேனை பிறந்தபோது, தென்னிந்தியர் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற கோபம் பாய்ந்தது கிளார்க், டைப்பிஸ்ட் நாற்காலிகள் மேல்தான். அப்படிச் சண்டை போட்ட நாற்காலியைக் கம்ப்யூட்டர் வந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஏஐ சொல்லிக்கொடுங்கள் என்றாரே அண்ணன், அதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எது?

எல்லாப் பழசையும் தூக்கிவரச் சொல்லவில்லை. பெல்ட்டில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டுக் காணாமல்போன பேஜரை விட்டுவிடலாம். அதில் எதிரணிக்கு ஒரு மார்க் தருகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. டைப்ரைட்டரில் மணி அடித்த பிறகும் வரி முடிய ஏழெட்டு எழுத்துக்கு இடமிருக்கும். எனக்கும் கொடுங்கள்: தீர்ப்பு எமக்கே. எண்ணிப் பாருங்கள், எட்டுதான்.