ரோபோட் அணைஞ்சா யாரு முதல்ல போறது?

(தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல நம்ம ஆளுங்க கூடின ஒரு சாயங்காலக் கூட்டத்துல பேசினது, பேசினபடியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி பெரியவங்க உக்காந்திருக்கீங்க, பின்னாடி தமிழ் பாதிதான் புரியும்னாலும் பசங்க வந்திருக்கீங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசப்போறேன். புரியலைன்னா கையத் தூக்குங்க, திரும்பச் சொல்றேன்.

லோட் ஷெட்டிங், அதான் முறை வச்சுக் கரண்ட் நிறுத்தற நேரத்துல, ரோபோட், அதாவது சிக்னல் விளக்கு, அணைஞ்சுபோன முக்குல நீங்க எல்லாரும் நின்னிருப்பீங்க. ரோபோட் வேலை செய்யலைன்னா நாலு பக்கமும் வண்டி நிக்கணும், முதல்ல வந்தவர் முதல்ல போகணும், அதுதான் முறை. ஆனா ஒரு பக்கம் நீங்க, இன்னொரு பக்கம் ஆள் நிறைஞ்ச டாக்ஸி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னா யாரு போறது? அந்த ஒரு செகண்டுல ரெண்டு பேரும் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போடுறீங்க. இன்னிக்கு நான் பேச வந்தது அந்தக் கணக்கைப் பத்திதான்.

எண் வச்சுப் பாப்போம். நான் போய் அவர் நின்னா எனக்கு 1 லாபம். நின்னா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, 0. ரெண்டு பேரும் போனா இடி, ஆளுக்கு 9 நஷ்டம். இதுல அவர் போவார்னு தெரிஞ்சா நான் நிக்கறது நல்லது, அவர் நிப்பார்னு தெரிஞ்சா நான் போறது நல்லது. அப்போ "நான் போறேன் அவர் நிக்கறார்" ஒரு சமநிலை, "அவர் போறார் நான் நிக்கறேன்" இன்னொரு சமநிலை. சமநிலைன்னா வேற ஒண்ணுமில்ல, மத்தவங்க செய்யறதை மாத்தாத வரைக்கும் நான் மட்டும் மாத்தினா எனக்கு ஒண்ணும் கூடக் கிடைக்காது, அந்த நிலை.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். ரெண்டு பேரும் சீட்டு குலுக்கிப் போடற மாதிரி பத்துல ஒரு தடவை போறது, ஒன்பது தடவை நிக்கறதுன்னு வச்சுக்கிட்டாலும் அது சமநிலைதான். எப்படின்னா எதிர்ல வர்றவர் பத்துல ஒரு தடவை போறார், நான் போனா ஒன்பது தடவை 1 லாபம், ஒரு தடவை 9 நஷ்டம், கூட்டினா பூஜ்யம், நின்னாலும் பூஜ்யம், எதைச் செஞ்சாலும் ஒண்ணுதான். ஆனா பாருங்க, இப்படி 100 தடவை சந்திச்சா சராசரியா 81 தடவை ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருப்பீங்க, 18 தடவை ஒருத்தர் போவார், ஒரு தடவை வண்டி மோதும். சமநிலைங்கற வார்த்தையைக் கேட்டா ஏதோ நல்லது, அமைதியானதுன்னு நினைக்கறோம். இதுவும் சமநிலைதான்.

1950 ஜனவரில ஜான் நாஷ்னு ஒரு பையன், வயசு 21, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடவே வர்ற ஒரு கட்டுரைல, இந்த மாதிரி கணக்கை ஒரு ஆட்டம்னு வச்சுக்கிட்டா, எத்தனை பேர் விளையாடினாலும் சரி, ஆளுக்கு எத்தனை வழி இருந்தாலும் சரி, எண்ணி முடிக்கற அளவு இருந்தா போதும், இப்படி ஒரு சமநிலை கண்டிப்பா இருக்கும்னு நிரூபிச்சுட்டார். 1994ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுக்கு இந்த வேலைதான் காரணம். ஆனா "இருக்கு"ன்னுதான் அந்த நிரூபணம் சொல்லுது, "இங்க இருக்கு, இப்படிப் போய் எடு"ன்னு சொல்லல.

தேடிப் பாத்துடலாமேன்னு நீங்க கேக்கலாம். ரெண்டே பேர், ஆளுக்கு 10 வழி. ஒவ்வொருத்தரும் அந்தப் பத்துல எதை எதைக் கலந்து ஆடுவாங்கன்னு எடுத்தா 1023 விதம், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பெருக்கினா பத்து லட்சத்துக்கு மேல. கம்ப்யூட்டர் இதைச் செஞ்சுடும், சரி. ஆனா ஆளுக்கு ஒரு வழி கூடினா ஏறக்குறைய நாலு மடங்கு, இன்னொண்ணு கூடினா திரும்ப நாலு மடங்கு, அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது.

ஒருத்தர் ஜெயிச்சது அப்படியே இன்னொருத்தர் தோத்ததுங்கற ஆட்டம்னா கவலையில்ல, அதுக்கு வான் நாய்மன்னு ஒரு கணக்கு மேதை 1928லயே அடித்தளம் போட்டுட்டார், இன்னிக்கு அதை வேகமா கணக்குப் பண்ணிடலாம். சிக்கல் எங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிக்கவும் சேர்ந்து தோக்கவும் முடியற ஆட்டத்துல, அதாவது நம்ம முக்குல, நம்ம கடைத்தெருவுல.

1964ல லெம்கி, ஹௌசன்னு ரெண்டு பேர் ஒரு வழி கொண்டு வந்தாங்க. ஒரு பெரிய இருட்டு வீடுன்னு நினைச்சுக்குங்க. எந்த அறைக்கும் ரெண்டு கதவுக்கு மேல கிடையாது. ஒரே கதவு இருக்கற ஒரு அறையில உங்களைக் கொண்டுபோய் விடறாங்க. அந்தக் கதவு வழியா போங்க, அடுத்த அறையில வந்த கதவை விட்டு இன்னொரு கதவு, அடுத்தது, அடுத்தது, திரும்பி வந்த அறைக்கே வர முடியாது, அறைங்க எண்ணிக்கைல அடங்கும், அப்போ கடைசியில இன்னொரு ஒத்தைக் கதவு அறையில போய் முட்டித்தான் ஆகணும். அங்கதான் சமநிலை இருக்கு! எனக்கு இதை முதமுதல்ல படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா பாதையே நிரூபணம், நடந்தா போதும். ஆனா 2004ல சவானி, வான் ஷ்டெங்கல் ரெண்டு பேரும் அந்த நடை சாதாரண அளவு ஆட்டத்துலயே கற்பனைக்கு எட்டாத நீளம் போற மாதிரி ஆட்டங்களைக் கட்டிக் காட்டிட்டாங்க.

சரி, வேற குறுக்கு வழி இருக்கலாமேன்னா, டாஸ்கலாகிஸ், கோல்ட்பெர்க், பாப்பாடிமிட்ரியு மூணு பேரும், அவங்களைத் தொடர்ந்து சென், டெங் ரெண்டு பேரும் 2005-06ல, ரெண்டே பேர் ஆடற ஆட்டத்துல கூட நாஷ் சமநிலையைக் கண்டுபிடிக்கறது இந்த மாதிரி இருட்டு வீட்டுக் கணக்கு எல்லாத்துலயும் கஷ்டமானதுக்குச் சமம்னு நிரூபிச்சாங்க. இதுக்கு வேகமான வழி வந்தா அது எல்லாத்துக்கும் வரும், இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

இப்போ கடைத்தெருவுக்கு வர்றேன். எங்க தாத்தா கீரை, கொத்தமல்லி, புதினா பயிர் பண்ணி விடியறதுக்கு முன்னாடி பேக்கில, அதான் பின்னாடி திறந்த சின்னச் சரக்கு வண்டில, ஏத்திக்கிட்டு வார்விக் பக்கம் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குப் போவாரு. சின்னப் புள்ளையா நான் கூடப் போயிருக்கேன். காலைல ஒரு விலை, ஒன்பது மணிக்கு ஒரு விலை, மத்தியானம் வாடினதுக்கு ஒரு விலை, சில நாள் மிச்சத்தை அப்படியே கொட்டிட்டு வருவோம். அந்த மாதிரி ஒரு நாள் ஒருத்தர் எங்க தாத்தாகிட்ட "விட்டுடுங்க பெரியவரே, சந்தை தானா சரியாயிடும்"னு சொன்னது இன்னும் காதுல இருக்கு.

தானா சரியாகுமா? எல்லாச் சரக்குக்கும் ஒரே நேரத்துல வரத்தும் தேவையும் பொருந்தற விலைங்க இருக்குன்னு ஆரோ, டெப்ரூ 1954ல நிரூபிச்சாங்க, சில நிபந்தனைங்களோட. இதுவும் "இருக்கு"ங்கற நிரூபணம்தான். தேவை கூடினா விலை ஏறும், மிஞ்சினா விலை இறங்கும், இப்படியே போய்ப் போய் அந்த விலைல நின்னுடும்ங்கறது அதுக்கும் ரொம்ப முந்தி, வால்ராங்கற பழைய பொருளாதார அறிஞர் காலத்து எண்ணம். 1960ல ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் மூணே சரக்கு, மூணே ஆள் வச்சு ஒரு சந்தையைக் காட்டினார். பொருந்தற விலை ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஆனா விலைங்க ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு அதைச் சுத்திச் சுத்தி வருது, கிட்டயே போகல. அதே ஸ்கார்ஃப் 1967ல, இருட்டு வீட்டுல நடக்கற அதே யோசனையை எடுத்து அந்த விலையைக் கிட்டத்தட்டக் கணக்குப் போட ஒரு முறையும் கொடுத்தார், வரியை மாத்தினா பொருளாதாரம் எங்க போய் நிக்கும்னு பாக்கற மாதிரிகள் அதுல இருந்துதான் வளர்ந்துச்சு.

அதனால யாராவது சந்தை தானா சமநிலைக்கு வரும்னா நான் ஒரு கேள்விதான் கேப்பேன், எவ்வளவு நாள்ல? பெரிய கம்ப்யூட்டரே எப்பவும் சீக்கிரம் கண்டுபிடிச்சுடும்னு உறுதி சொல்ல முடியாததை, விடியக்காலை கூட்டத்துல நிக்கற சனம் எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்? கொத்தமல்லி மத்தியானத்துக்கு மேல தாங்காது. காத்திருக்கற செலவு யார் தலைல விழுதுங்கறதை விட்டுட்டு சமநிலை பேசறது எனக்குச் சம்மதமில்ல.

ரோபோட் விஷயத்தைப் பாதில விட்டுட்டேன். கரண்ட் வந்து ரோபோட் எரியுதுன்னா என்ன ஆகுது? பாதி நேரம் எனக்குப் பச்சை, பாதி நேரம் அவருக்கு. சிவப்புல நான் மட்டும் போனா மோதுவேன், அதனால போக மாட்டேன், பச்சைல நின்னா எனக்குத்தான் நஷ்டம். யாரும் மிரட்டாமலே எல்லாரும் கேக்கறோம். ஆளுக்குச் சராசரி பாதி லாபம், மோதலே இல்ல. ராபர்ட் ஆமன் 1974ல இந்த மாதிரி பொது சைகை வச்ச சமநிலையைச் சொன்னார், இதைக் கண்டுபிடிக்கறது சுலபமான கணக்கு. எல்லாரையும் தனித்தனியா விட்டா கஷ்டம், பொதுவா ஒரு விளக்கு வச்சா சுலபம்!

ரோபோட் இல்லாத இடத்துல கூட இதுக்குப் பக்கத்துல போக வழி இருக்குன்னு ஹார்ட், மாஸ்-கொலெல் 2000ல காட்டினாங்க. புதினா ஏத்தின நாள்ல எல்லாம் அதுக்குப் பதிலா கொத்தமல்லி ஏத்தியிருந்தா எவ்வளவு கூடக் கிடைச்சிருக்கும்னு கணக்கு வச்சுக்கணும், அந்த வருத்தம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் அடுத்த நாள் மாத்தணும், ஒரேயடியாத் தாவக்கூடாது. எல்லாரும் இப்படிச் செஞ்சா போதும், நாள்பட நாள்பட எல்லாரோட ஆட்டமும் சேர்ந்து ஆமன் சொன்ன சமநிலைங்க இருக்கற இடத்துக்குப் போயிடும்.

தாத்தா போனப்புறம் அவரு பெட்டில ஒரு கணக்கு நோட்டு கிடைச்சுது, இதோ கொண்டு வந்திருக்கேன், பசங்க வந்து பாருங்க. ஒரு பக்கம் படிக்கறேன். "கொத்தமல்லி 12 கட்டு மிச்சம். புதினா ஏழு மணிக்கே தீந்துச்சு. நாளைக்கு புதினா 3 கட்டு கூட."