நிற்பகலார் வானத்தை வணங்குவது வியப்பினாலே!

நடுவர் அவர்களே, காரைக்குடி மண்ணின் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

நமக்குத் தரப்பட்ட கற்பனை உலகத்தின் பெயர் நிற்பகல். அதன் ஒரு முகம் எப்போதும் தன் சூரியனைப் பார்த்தே நிற்கிறது. மறுமுகத்தில் விடியலே கிடையாது. பகல் முகத்தில் வாழும் மக்கள் ஆயுளில் ஒருமுறை இருட்டின் எல்லைவரை நடந்து, விண்மீன்களை வணங்கித் திரும்புகிறார்கள். இந்த வழிபாடு பிறந்தது அச்சத்திலா, வியப்பிலா என்பதே வழக்கு. வியப்பில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புச் சூரியன் திடீரெனச் சீறி அனல் கக்கும், அதற்குப் பயந்துதான் கும்பிட்டார்கள் என்றார் எதிரணித் தலைவர். சீறும் என்பது உண்மை. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரோக்சிமாவும் அந்த இனம்தான். 2016-இல் அதைச் சுற்றி ஒரு கோளைக் கண்டுபிடித்தார்களே, அங்கே 11 நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். நிற்பகலுக்கும் அதே கணக்குத்தான். ஆனால் ஐயா, அந்த மக்கள் கும்பிடுவது சீறுகிற சூரியனை அல்லவே! யாருக்கும் தீங்கு செய்யாத, தங்கள் வாசலில் நின்றால் கண்ணுக்கே தெரியாத விண்மீன்களை அல்லவா கும்பிடுகிறார்கள்! பயந்தவன் கதவைச் சாத்திக்கொள்வான். இவர்கள் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு குளிருக்குள் நடக்கிறார்கள்.

அவர்களின் பூசாரி யார்? இருட்டின் விளிம்பில் குடியிருந்து, தலைக்குமேல் வந்த விண்மீன் 11 நாளில் திரும்புவதை எண்ணுகிறவர். சூரியன் அசையாத ஊரில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. பிள்ளையின் வயதைக்கூட அவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

வானத்தைப் பார்த்து நாள் எண்ணுவது செட்டிநாட்டுக்குப் புதிதா? பிள்ளையார் நோன்பை நினைத்துப் பாருங்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழையாகப் புதுத்துணியிலிருந்து நூல் சேர்த்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளுக்குக் காத்திருக்கிறோம். வீட்டில் மூத்தவரான என் அப்பத்தா அந்த 21 இழையையும் திரித்து, இனிப்பு மாவில் நட்டு, ஏற்றி, சுடரோடு என் கையில் தருவார். அணையும் முன்னே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வயதில் எனக்குப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. நாக்கில் சுடர் அணைந்து நெய்யும் வெல்லமும் கரைந்தன. "இன்னொன்று கொடுங்கள் அப்பத்தா" என்று மறுபடி கையை நீட்டினேன். பயம் முதல் இழையோடு போய்விட்டது. இரண்டாம் முறை என் கையை நீட்டவைத்தது எது? எதிரணியார் பதில் சொல்லட்டும்.

நிற்பகல் பற்றிய குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. அதை அவர்கள் படிக்காமல் தாண்டிவிட்டார்கள். எல்லையில் முதல் விண்மீன் தெரிந்ததும் கூட்டம் நிற்கிறது. பெரியவர் ஒருவர் குழந்தையைத் தோளில் ஏற்றி, விரல் நீட்டி அதைக் காட்டுகிறார். குழந்தை பார்த்த பிறகே மற்றவர்கள் கைகூப்புகிறார்கள்.

நடுவர் அவர்களே, பயந்து நடுங்குகிற ஒன்றை யாராவது குழந்தைக்கு முதலில் காட்டுவார்களா?