பேர் ஒன்று, பண்டம் வேறு

சபையில் இருக்கிற பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறினால் சென்னை. காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாகப்பட்டினம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கப்பல் இடையிடையே நின்று நின்று ஓடினாலும், சிதம்பரமும் வேளாங்கண்ணியும் முன்னையைவிடக் கிட்டவாகிவிட்டன. டெல்லிக்குப் போகிறவர் பாஷை தெரியாததால் ஒவ்வொன்றையும் கேட்டு விளங்கித்தான் வாயில் வைப்பார். தமிழ்நாட்டுக்குப் போகிறவருக்குக் கடைப்பலகை முழுவதையும் வாசிக்க வருகிறது. அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

‘பொரியல்’ என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு அது கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்தது. அங்கே காயைச் சிறிதாக அரிந்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அவித்து, இறக்கும்போது தேங்காய் தூவினால் அது பொரியல். நாம் வறை என்போம். பீன்ஸ் பொரியல் என்று பலகையில் இருந்தால் நம்முடைய போஞ்சி வறை வரும். நாம் நினைக்கிற பொரியல் வேண்டுமானால் ‘வறுவல்’ என்று கேட்க வேண்டும். ‘கறி’ இன்னும் மோசம். இங்கே பூசணிக்காயும் கறிதான், பருப்பும் கறிதான். அங்கே கறி என்றால் பலருக்கும் முதலில் ஆட்டிறைச்சிதான் நினைவுக்கு வரும். சைவ உணவகத்தில் நின்று “இன்னும் கொஞ்சம் கறி போடுங்கோ” என்றால் பரிமாறுகிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். குழம்பு, கூட்டு, பொரியல் என்று பிரித்துச் சொன்னால் பிரச்சினை இல்லை. கோப்பை கேட்டால் தேத்தண்ணி குடிக்கிற பாத்திரம் வரும். சாப்பிடுகிறதற்குத் தட்டு என்று கேளுங்கள்.

சென்னைத் தெருவோரத்தில் தள்ளுவண்டியில் ‘தேங்காய்ப்பூ’ என்று எழுதி விற்பார்கள். திருவிய தேங்காய் என்று நினைத்துப் போகாதீர்கள். முளைத்த தேங்காய்க்குள் பஞ்சுபோலத் திரண்டிருக்கிற வெள்ளை உருண்டை அது. முளைத்த பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கிற பூரான் நமக்குத் தெரியும். அதன் தென்னைச் சகோதரம் என்று வையுங்கள். கண்ணுக்கு முன்னால் உடைத்துத் தருகிறாரா, வெட்டி வைத்து ஈ மொய்க்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கூழும் அப்படித்தான். ஒடியல் மாவும் (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா) மீனும் நண்டும் புளியும் மிளகாயும் சேர்ந்த நம் கூழ் பின்னேரச் சாப்பாடு. அவர்களுடைய கூழ்வண்டி காலையில் வரும். கம்பு அல்லது கேழ்வரகு மாவை (நாம் குரக்கன் என்கிறோமே, அதுதான் கேழ்வரகு) கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யரிசியோடு களியாகக் காய்ச்சி ஆறவைப்பார்கள். கேட்கிறபோது ஒரு கை எடுத்து மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் போட்டு, மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். வெய்யிலுக்கு அதைப்போல ஒன்று இல்லை. களி நன்றாக வெந்தது, அதில் பயமில்லை. கரைக்கிற மோரிலும் தண்ணீரிலும்தான் கவனம் வேண்டும். வண்டிக்காரர் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார் என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இட்லி ஆவி பறக்க இறங்கிக்கொண்டிருக்கும், அதற்குப் போங்கள். இட்லிக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: தேங்காய்ச் சட்னி அடுப்பைக் காணாத பண்டம். காலை ஏழு மணிக்கு அரைத்தது பதினொரு மணி வெக்கையில் புளித்திருக்கும். நேரம் கடந்து போனால் சாம்பாரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி மத்தியானச் சாப்பாடு. பலகையில் ‘மீல்ஸ் ரெடி’ என்றிருக்கும். பொதுவாகப் பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று, மூன்றரையோடு முடிந்துவிடும். பிறகு போனால் டிபன்தான். நாம் சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றைப் போட்டு, சுற்றிவர நாலைந்து கறியை வைத்து, விரும்பியபடி குழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அங்கே சோறு வெள்ளைப் பொன்னி, மெல்லியது, குழம்பை உடனே இழுத்துக்கொள்ளும். சாப்பாடு வரிசையில் வரும்: முதலில் சாம்பார், பிறகு வத்தக்குழம்போ காரக்குழம்போ, பிறகு ரசம், கடைசியில் மோர். சில இடங்களில் எல்லாவற்றுக்கும் முன் பருப்பும் நெய்யும். நம்மவர் செய்கிற பிழை, வந்த சோறு முழுவதிலும் சாம்பாரை வாங்கிப் பிசைந்துவிடுவது. ரசத்துக்கு முன்னாலேயே வயிறு நிறைந்துவிடும். சோற்றை மனதுக்குள் நாலாகப் பிரியுங்கள். ஒரு பங்கை மட்டும் முன்னுக்கு இழுத்து, நடுவில் குழி செய்து வாங்குங்கள். வாளியோடு வருகிறவர் நிற்கமாட்டார், ஓடிக்கொண்டே ஊற்றுவார். இலையாக இருந்தால் குழியின் கரையில் கையை அணையாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரசம் மடியில்தான். ‘அளவுச் சாப்பாடு’ என்று பலகையில் கண்டால் இரண்டாம் முறை சோறு கேட்பதற்கு முன் காசு எவ்வளவு என்று கேளுங்கள்.

சாம்பாரில் உறைப்பு இல்லை என்று நம்மவர் குறைப்படுவது வழக்கம். அது அநியாயமான குறை. நம் தூள் செத்தல் மிளகாயையும் மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் மிளகையும் கருகாத அளவுக்கு நன்றாக வறுத்து இடித்தது. சாம்பார்ப்பொடியில் மல்லி தூக்கலாக இருக்கும், பருப்பும் சேர்த்து அரைபடும். குழம்பிலேயும் துவரம்பருப்பு கரைந்திருக்கும். உறைப்பு அடங்கத்தானே செய்யும்? உறைப்பு வேண்டுமானால் காரக்குழம்பு இருக்கிறது. தோசையும் இப்படித்தான். மஞ்சளும் தாளிதமும் போட்ட நம் மெத்தென்ற தோசையைத் தேடினால் கிடைக்காது. அங்கே அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒன்று, மொறுமொறுப்புத்தான் பெருமை. மெத்தென்று வேண்டும் என்றால் ஊத்தப்பம் கேளுங்கள்.

காசைப் பற்றி ஒன்று. பூக்காரி முதல் இளநீர்க்காரர் வரை கியூஆர் அட்டை தொங்கவிட்டிருப்பார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது பெரும்பாலும் உதவாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் ‘சில்லறை இல்லை’ என்பார்கள். பத்து, இருபது, ஐம்பது தாள்களை விடிந்தவுடனேயே சேர்த்து வையுங்கள். பூ முழக்கணக்கில் வரும். முழம் என்பது பூக்காரியின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. அளக்கிற கை எந்த அளவோ பூவும் அந்த அளவு.

கடைசியாகத் தேத்தண்ணி. டீ என்று மட்டும் கேட்டால் பால் விட்டதுதான் வரும். வெறும் தேத்தண்ணிக்குக் ‘கட்டன் டீ’ அல்லது ‘பிளாக் டீ’. மாஸ்டர் முதலில் கிளாசின் அடியில் சீனியைப் போட்டு, அதன்மேல் சாயமும் பாலும் விட்டு, இரண்டு பாத்திரத்துக்கும் இடையில் ஒரு முழ உயரத்துக்கு ஆற்றுவார். ஆற்றியபின் “சீனி கூடிப்போச்சு” என்றால் ஒன்றும் செய்ய இயலாது. கிளாசை அவர் எடுக்கிறபோதே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது “சர்க்கரை கம்மி” என்று சொல்லுங்கள், நம் சீனியைத்தான் அங்கே சர்க்கரை என்பார்கள். பனங்கட்டியையும் சர்க்கரையையும் பற்றி நம் ஊர் விளக்கம் அந்த இடத்தில் வேண்டாம், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள்.