தெலுக் பஹாங் காடு: இடப்பக்கம் திரும்புவதா, வலப்பக்கமா?

[திரையில்: தெலுக் பஹாங், காலை வெளிச்சம், காட்டு முகப்பு]

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலைக்கு ரேபிட் பினாங்கு 101ஆம் எண் பேருந்து போகிறது. அங்கேதான் பினாங்கு தேசியப் பூங்கா. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இந்தக் கடலோரக் காடு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. பாதை தெளிவு, தூரமும் குறைவு. இருந்தும் பாதி வழியில் களைத்து உட்காருகிறவர்கள் நிறைய. புழுக்கம்தான் காரணம். மரங்களுக்கு அடியில் காற்று அசையாது. வியர்வை வழியுமே தவிர காயாது. காயாவிட்டால் உடம்புச் சூடு தணியாது.

ஆகவே காலை 8 மணி வாக்கில் நடக்கத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

காலுக்கு? தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'கம்போங் அடிடாஸ்', இங்கே நன்றாகப் பிடிக்கும். விலையும் குறைவு. அடி தேய்ந்த ஓட்டச் சப்பாத்து மட்டும் வேண்டாம்.

[திரையில்: கவுண்டர், பிறகு கடலோரப் பாதை]

முகப்புக் கவுண்டரில் பெயரைப் பதிந்து சீட்டு வாங்குங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடலை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பந்தாய் கெராச்சுட் கடற்கரை, வலப்பக்கம் தெலுக் டுயோங், அதாவது குரங்குக் கடற்கரை. இரண்டுக்குமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைக்காதீர்கள்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இடப்பக்கம். நல்ல காடு அந்தப் பக்கம்தான். மேட்டின் உச்சிவரை ஏற்றம், பிறகு கடற்கரைவரை இறக்கம்.

[திரையில்: வேர்ப்படிகள், மிக அருகில்]

இந்த வேர்களைப் பாருங்கள். மண் அரித்துப்போய் வேரே படியாகிவிட்டது. மழை பெய்தால் அதன் பட்டை சோப்புப் போல வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல், தாண்டி அந்தப் பக்கத்து மண்ணில் காலை ஊன்றுங்கள். விழுகிறவர்களில் பலர் விழுவது இறக்கத்தில்தான். முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

கீழே சிறகு முளைத்த காய் கிடந்தால் குனிந்து எடுத்துப் பாருங்கள்: மூன்று நீளச் சிறகு, இரண்டு குட்டைச் சிறகு. மெராந்தி என்ற மர இனத்துக் காய் அது. சுழன்று சுழன்று இறங்குவதால் தாய்மரத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி விழும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

[திரையில்: கெராச்சுட் பாலம், ஏரி]

கடற்கரைக்கு முன்னால் ஓர் ஏரி. மேலே ஆற்றின் நன்னீர், அடியில் கடலின் உப்புநீர். உப்புநீர் கனம் கூடியது, அதனால் இரண்டும் கலப்பதில்லை. மழை குறைந்த மாதங்களில் ஏரி வற்றிக் கிடக்கும். அதை நம்பி மட்டும் வந்தால் ஏமாற்றம்தான். பக்கத்தில் ஆமைப் பாதுகாப்பு நிலையம். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை இது.

கடலில் மட்டும் இறங்க வேண்டாம். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கொட்டிவிட்டால் உடனே வினிகர் ஊற்றுங்கள். மணல் போட்டுத் தேய்க்கவோ நன்னீரில் கழுவவோ கூடாது. ஒட்டியிருக்கும் நச்சுச் செல்கள் இன்னும் வெடிக்கும்.

வலப்பக்கப் பாதை பாறையும் கரையுமாகப் போகும். அங்கே தெலுக் டுயோங்கிலிருந்து மேலே ஏறினால் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883இல் கட்டியது. ஏற்றம் செங்குத்து, கால் வலித்தால் விட்டுவிடலாம். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பே போதும், ஓடி வந்துவிடும். சாப்பாட்டை ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். அவற்றைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள், மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளும்.

[திரையில்: படகு]

திரும்பப் படகும் கிடைக்கும். விலை ஆளுக்கா, படகுக்கா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். அலை பெரிதானால் படகு வராது. அதனால் நடந்தே திரும்ப வேண்டிவந்தாலும் வெளிச்சம் இருக்கும்படி, பிற்பகல் 3 மணிக்குள் கடற்கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.